நாலாம் அறையின் நிலைக்கால்

பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற ஒரு துறையே வருகிறது என்று கேள்விப்பட்டபோது தச்சர் சந்தோஷப்பட்டார். அவரை மட்டும் சொல்லி என்ன, எல்லோரும்தான் சந்தோஷப்பட்டார்கள். வருவது என்னவென்று தெரியாமல் சந்தோஷப்படுவதற்கு இன்னும் யாரும் விண்ணப்பப் படிவம் அச்சடிக்கவில்லை.

கட்டடத்துக்கு வயது நூற்றுப் பதினெட்டு. இரண்டரை அடி கனத்தில் சுவர். முன்னால் நீளமான வராந்தா, அதில் பதினெட்டு வளைவுகள். உச்சியில் மணி இல்லாத மணிக்கூண்டு. மணி ஒரு நாள் தானாகக் கழன்று விழுந்தது, நல்லவேளையாக அன்று விடுமுறை. மழை பெய்தால் ஆறாம் அறையில் பாடம் நடக்காது. மழை பெய்யாவிட்டாலும் சில நாள் நடக்காது, அது வேறு விஷயம். கதவுகளும் கதவு நிலைகளும் தேக்கு. அவற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் நம் தச்சர். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளியின் பெஞ்சுக்கும் ஜன்னலுக்கும் அவர்தான் வைத்தியர்.

தொன்மைக் கட்டட மீட்புத் துறை மூன்று கார்களில் வந்து இறங்கியது. முதல் காரில் இயக்குநர், இரண்டாவதில் அவருடைய கோப்புகள், மூன்றாவதில் வேலை தெரிந்த ஒரே ஆளான அளவெடுக்கும் பெண். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து இயக்குநர் பேசினார்.

"குழந்தைகளே, இந்தக் கட்டடம் உங்க சொத்து. அதனால இதை யாரும் தொடாதீங்க. ஒரு கட்டடம் என்னிக்குக் கெட ஆரம்பிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? முதல் ஆள் உள்ள கால் வைக்கிற அன்னிக்கு. எங்க துறை இந்தக் கட்டடத்தை அதுக்கு முந்தின நாளுக்குத் திருப்பிக் கொண்டு போகப் போகுது. இது சின்ன வேலை இல்ல. எங்களுக்கு இதுல பதினாலு குழு இருக்கு."

பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டினால் வகுப்புக்கு விட்டுவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் வில்லை ஒட்டும் வேலை தொடங்கியது. பச்சை வில்லை என்றால் முதலிலிருந்தே இருப்பது, காக்கப்படும். சிவப்பு வில்லை என்றால் பிற்சேர்க்கை, அகற்றப்படும். மின்விசிறிக்குச் சிவப்பு, கரும்பலகைக்குச் சிவப்பு, குடிநீர்க் குழாய்க்குச் சிவப்பு, கழிவறைக்கு நான்கு சிவப்பு. முற்றத்து மரம் கட்டடத்தைவிட முப்பது வயது இளையது என்று கண்டுபிடித்து அதற்கும் ஒன்று. தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒன்று ஒட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கைப்பைக்கும் ஒன்று ஒட்டிவிட்டுப் போனார்கள்.

"அப்ப எனக்கு?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

"உங்களைப் பத்தி மூல வரைபடம் வந்ததும் சொல்றோம் மேடம்."

மூல வரைபடம் என்பது கட்டடம் எழும்புவதற்கு முன் வரைந்த படம். அதை ஏதோ ஒரு பழைய அலமாரியிலிருந்து துறை தோண்டி எடுத்தது. வராந்தா, வளைவு எல்லாம் அதில் அப்படியே இருந்தன. கட்டடத்தின் உயரம் புரியட்டும் என்று வரைந்தவர் வராந்தாவில் தொப்பி போட்ட ஒரு மனிதரையும் ஒரு நாயையும் போட்டிருந்தார். ஐந்தாம் அறையின் கூரைமேல் வட்டமாக ஒரு மைத்துளி சிந்தியிருந்தது. பிள்ளைகள் ஒருவரும் இல்லை.

துறை படத்தைப் பார்த்தது. பிறகு கட்டடத்தைப் பார்த்தது. இரண்டும் வேறுபடும் இடத்தில் படமே சரி என்று எழுதிக்கொண்டது. ஒரு மாதத்தில் ஐந்தாம் அறைக் கூரையில், மைத்துளி இருந்த இடத்தில், அதே அளவில் வட்டமாக ஓர் ஓட்டை போடப்பட்டது. அதன் வழியாக மழை விழுந்தபோது, அந்தக் காலத்துக் காற்றோட்ட அறிவை நினைத்து இயக்குநர் கண் கலங்கினார். நாயைப் பற்றி இரண்டு அமர்வு விவாதம் நடந்தது. படத்தில் நாய்க்கு மூன்று கால்தான் தெரிந்தது. கடைசியில், நான்கு கால் நாயைத் தற்காலிக அடிப்படையில் அனுமதிக்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. தொப்பிக்காரர் வேலைக்குப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரையே எடுத்துக்கொண்டார்கள். அவர் வேலைக்கு ஏற்கெனவே சிவப்பு வில்லை ஒட்டியாகிவிட்டது, வேறு போக்கிடம் இல்லை. இடது காலை முன்னால் வைத்துக் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் விஷயம் சுலபமாக முடிந்தது. "மாணவர்கள் பிற்சேர்க்கை எனக் கண்டறியப்பட்டுள்ளதால்" என்று தொடங்கிய உத்தரவின்படி, முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் இரண்டு தெரு தள்ளி மூடிக் கிடந்த தானியக் கிடங்குக்குப் போனார்கள். பெரிய டீச்சரும் போனார், கைப்பையோடு.

இதுவரைக்கும் தச்சர் வாயைத் திறக்கவில்லை. பெஞ்சுகளைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். கரும்பலகையை இறக்கச் சொன்னார்கள், இறக்கினார். அவருக்கு வேறொரு கவலை இருந்தது. நாலாம் அறைக்கு வில்லை ஒட்டும் நாளைத்தான் அவர் பயந்துகொண்டே எண்ணிக்கொண்டிருந்தார்.

நாலாம் அறைக் கதவின் வலது நிலைக்காலில், உள்பக்கம், நான்கு கோடுகள் இருந்தன. அவர் மகளின் உயரம் அது. பிறந்தபோது கைக்குள் அடங்கியதால் அவளை அவர் அங்குலம் என்று கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதும் வரைக்கும் அவளுக்கே தன் வேறு பெயர் தெரியாது. முதல் வகுப்பில் சேர்ந்த அன்று அந்த நிலைக்காலில் அவளைச் சாய்த்து நிறுத்தி, தலைமேல் மூலைமட்டத்தை வைத்து, உளியால் ஒரு கோடு கிழித்தார். அடுத்த வருஷம் பள்ளி திறந்த அன்றும் கிழித்தார். அம்மாவும் வந்து பக்கத்தில் நிற்பாள். "குதிகாலை இறக்கு" என்று அப்பா சொல்வார், "இறக்கித்தான் இருக்கு" என்று மகள் சொல்வாள். மூன்றாம் வகுப்பில் அவள் குதிகால் அரை அங்குலம் தூக்கியிருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு நூல் பிசகாத மனிதர், அன்று பார்க்காத மாதிரி இருந்து கோட்டைக் கிழித்தார். ஆகவே மூன்றாவது கோடு கொஞ்சம் பொய். நாலாவது உண்மை. நாலு அடியை எட்டினால் அப்பாவின் மடிப்பு அளவுகோல் தனக்கு என்று பேச்சு. நாலாவது கோட்டில் அதற்குக் கால் அங்குலம் குறைந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

அடுத்த வருஷம் பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. மூன்று நாள்தான்.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் நாளில் அவர் மனைவி வருவாள். நாலாவது கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். வீட்டில் புகைப்படம் இருக்கிறது. ஆனால் புகைப்படத்தில் பிள்ளை எவ்வளவு உயரம் என்று கைக்குத் தெரிவதில்லை.

நாலாம் அறைக்கு வில்லை வந்தது. நிலைக்காலுக்குப் பச்சை. கோடுகளுக்கு, குட்டி குட்டியாக, நான்கு சிவப்பு. கூடவே ஒரு வேலை ஆணை: "நாலாம் அறை நிலைக்காலில் உள்ள நான்கு கீறல்களையும் மரத்தூளும் பசையும் கொண்டு நிரப்பி மெருகேற்றுக. பொறுப்பு: பள்ளித் தச்சர்."

தச்சர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனார். அங்கே முறையீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். உட்கார்ந்து நிரப்பி நீட்டினார். எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"பொருளின் வயசுங்கிற இடத்துல ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க. பத்து ஆக ரெண்டு மாசம் இருந்துச்சு."

"எழுபத்தஞ்சுக்குக் கீழ இருந்தா நாங்க மனுவை வாங்கவே கூடாது."

"அவ எழுபத்தஞ்சு வரைக்கும் இருக்கணும்னுதாங்க நாங்களும் நெனச்சோம்."

"நெனச்சதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

எழுத்தர் கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே உதவத்தான் கேட்டார். ஆதாரம் இருந்தால் பின்னிணைப்பாக வைக்கலாம். ஐந்தாம் வகுப்புக்கு வாங்கி வைத்த பை தச்சர் வீட்டில் இருக்கிறது, ஒரு நாளும் தோளில் ஏறாதது. அதைக் கொண்டு வந்து இந்த மேஜைமேல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இல்லீங்க" என்றார்.

"அப்ப ஒண்ணு செய்யறேன். நேர்ல பார்வையிடக் கோருகிறார்னு எழுதிடறேன். யாராவது வந்து பாப்பாங்க."

யாராவது என்று வந்தவர் அளவியல் அறிஞர். துறையில் அவரைவிடப் படித்தவர் இல்லை. அதை அவரே சொன்னார். பூதக்கண்ணாடியோடு நிலைக்காலின் முன் மண்டியிட்டவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அளவெடுக்கும் பெண் நாடாவைப் பிடிக்க, இடைவெளிகளைக் குறித்துக்கொண்டார். இரண்டு அங்குலம். இரண்டரை அங்குலம். ஒன்றரை அங்குலம். எழுந்து நின்றார்.

"இயக்குநரைக் கூப்பிடுங்க. இது கீறல் இல்ல. இந்தக் கட்டடத்தைக் கட்டின முதன்மைச் சிற்பியோட மூல அளவுகோல் இது. மூணாவது இடைவெளியை விட ரெண்டாவது ஒரு அங்குலம் கூட. சாதாரண ஆளா இருந்தா எல்லாத்தையும் சமமா போட்டிருப்பான். இது மேதையோட கை."

"நான் போட்டதுங்க சார் அது" என்றார் தச்சர்.

அறிஞர் திரும்பிப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "எத்தனை வருஷமா தச்சு வேலை?"

"முப்பது."

"அதான். நல்ல வேலையைப் பாத்தா தொழில்காரனுக்குத் தன்னோடதுன்னு தோணும். தப்பில்ல. ஆனா இவ்வளவு நேரான கோடு இந்தக் காலத்து ஆளுக்கு வராதுப்பா."

முப்பது வருஷத்தில் தச்சருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அவர் அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை.

"எம் பொண்ணு உயரம் சார்."

"மனுஷ உயரமா? யோசிச்சுப் பாருங்க. மனுஷ உயரம்னா மேல போய்க்கிட்டே இருக்கணும்ல? இது நாலோட நின்னுடுச்சு. வேணும்னே நிறுத்தியிருக்காங்க. நிறுத்தின இடத்துலதான் அந்தச் சிற்பியோட அழகே இருக்கு."

தச்சர் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அளவெடுக்கும் பெண் பின்னாலேயே வந்தாள். அவள் கண்ணுக்கு உளியின் புதுவெட்டு தெரியாமல் இல்லை.

"அண்ணே, உங்க கோடுதான்னு எனக்குத் தெரியும். ஆனா தயவுசெஞ்சு இனிமே சொல்லாதீங்க. உங்களோடதுன்னா சிவப்பு. சிற்பியோடதுன்னா பச்சை. பச்சைன்னா யாரும் கை வைக்க மாட்டாங்க."

"பொய்யாச்சேம்மா."

"இங்க எது பொய் இல்லண்ணே? கூரையில ஓட்டை போட்டிருக்காங்க."

நியாயமான பேச்சுதான். ஆனால் தச்சர் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் விட்டுவிடுகிற துறை அல்ல அது. ஏற்கெனவே கொடுத்த முறையீடு கோப்பில் இருந்தது. அது இருக்கும்வரை வில்லையை மாற்ற முடியாது. ஆகையால் தச்சர் ஒரு வாபஸ் கடிதம் தர வேண்டும். வாசகம் அச்சடித்தே வந்தது: "மேற்படி நிலைக்காலில் உள்ள கோடுகளுக்கும் எனக்கோ என் மகளுக்கோ எவ்விதத் தொடர்பும் இல்லை என்றும், முன்னர் அவ்வாறு கூறியது என் மனக்குழப்பத்தால் நேர்ந்தது என்றும் இதன்மூலம் உறுதி அளிக்கிறேன்."

சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் படித்துக் காட்டினார். சலவைக்கூடத்திலிருந்து கொண்டு வந்த துணிகளை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். படித்து முடிக்கும் வரை மடிப்பதை நிறுத்தவில்லை.

"கோடு இருக்கும்ல?"

"இருக்கும். கண்ணாடி போட்டு வைப்பாங்களாம்."

"அப்ப எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"நமக்கும் அவளுக்கும்... கோட்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதணும்."

"அவ படிக்கவா போறா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. கையிலிருந்த துணியை முகத்தில் அழுத்திக்கொண்டாள். அது யாரோ ஒருவர் வீட்டுத் தலையணை உறை. மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

தச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெற்ற பிள்ளையை ஒரு முறை காய்ச்சல் கொண்டுபோனது, இன்னொரு முறை தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. கோடுகளுக்குப் பச்சை வில்லை ஒட்டினார்கள். வாபஸ் கடிதத்துக்கு ரசீது கொடுத்தார்கள்.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. வராந்தாவில் தொப்பிக்காரர் இடது காலை முன்வைத்து நின்றார். நாய் படுத்துக்கொண்டது, படத்தில் அது நின்றதால், இரண்டு ஊழியர்கள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இயக்குநர் பேசினார்.

"நூத்துப் பதினெட்டு வருஷமா இந்தக் கட்டடம் குழந்தைகளோட தொல்லையைப் பொறுத்துக்கிட்டு நின்னிருக்கு. இனி அதுக்கு ஓய்வு. இந்தச் சுவர்ல இனிமே ஒரு குழந்தையும் கிறுக்க முடியாது. இந்த மரத்துல ஒரு குழந்தையும் ஒரு அடையாளமும் விட்டுட்டுப் போக முடியாது. இதை நான் ரொம்பப் பெருமையோட சொல்றேன். கல்விக்காகக் கட்டின ஒரு இடத்தைக் கல்வியிலேர்ந்து நாங்க முழுசா மீட்டுட்டோம்."

முதல் வரிசை கை தட்டியது. இரண்டு தெரு தள்ளிக் கிடங்கில், எலி ஓடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பெரிய டீச்சர் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சும் இல்லை, ஜன்னலைத் தொடவும் கூடாது என்றானதால் தச்சருக்கு வேலை இல்லாமல் போயிற்று. துறை கருணை காட்டி அவரை விளக்குநர் ஆக்கியது. நாலாம் அறைக்குள், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற நிலைக்காலின் பக்கத்தில் சீருடை போட்டு நின்று, வருகிறவர்களுக்கு அச்சடித்த விளக்கத்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் மூன்று அடி தள்ளிக் கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள். அவர் தினமும் சொன்னார். ஒரு நாளைக்கு ஒன்பது முறை, விடுமுறை நாளில் பதினைந்து முறை. முதல் வாரம் சிற்பி என்ற இடத்தில் நாக்குத் தடுக்கியது. பிறகு தடுக்காமலே வந்தது, அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

பள்ளிகள் திறக்கும் நாள் வந்தது. கிடங்கில் மணிக்குப் பதிலாக ஒரு தட்டைத் தட்டினார்கள். சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. அன்று காலை பத்தரை மணிக்கு வந்த கூட்டத்தில் அவர் மனைவியும் இருந்தாள். நுழைவுச்சீட்டு வாங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லோருக்கும் பின்னால் வரிசையில் வந்து கயிற்றருகே நின்றாள். மேற்பார்வையாளர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தச்சர் அவளைப் பார்த்தார். ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

"இங்கே நீங்கள் காண்பது இக்கட்டடத்தின் முதன்மைச் சிற்பி தம் கையால் பொறித்த மூல அளவுகோல். நான்கு கோடுகள். மூன்றாவது கோட்டில் காணப்படும் அரை அங்குல மிகுதி தற்செயலானது அல்ல. அது..."

அங்கே நின்றுவிட்டார். தற்செயலானது அல்லதான். இறக்கித்தான் இருக்கு என்று ஒரு குரல் சொன்னது அவருக்கும் கேட்டது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கும் கேட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா வேறெதையா என்று சொல்ல முடியாது.

"...அது தெரிந்தே விடப்பட்டது" என்று முடித்தார்.

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. அவள் மட்டும் நின்றாள். கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினாலும் கண்ணாடிதான் தட்டுப்படும். வந்தவர்கள் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது.

"அந்தக் கடைசிக் கோடு எவ்வளவு உயரங்க?" என்று கேட்டாள், முன்பின் தெரியாதவரைக் கேட்பது போல.

விளக்கப் புத்தகத்தில் நான்கு அடி என்று இருந்தது. மேதையின் கணக்கில் குறை இருக்காது என்று அளவியல் அறிஞர் அந்தக் கால் அங்குலத்தைச் சேர்த்துவிட்டிருந்தார். தச்சர் மூலையில் இருந்த மேற்பார்வையாளரைப் பார்க்கவில்லை.

"நாலு அடிக்குக் கால் அங்குலம் குறைவும்மா."

அவள் தலையாட்டினாள். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, நெஞ்சளவில் பிடித்தாள். கொஞ்சம் உயர்த்தினாள். பிறகு ஒரு பொட்டு இறக்கினாள். தச்சரின் கண்ணுக்கு அளவு தெரியும். சரியாக இருந்தது. அப்படியே திரும்பி வெளியே நடந்தாள்.

புத்தகத்துக்கு மாறாகக் கால் அங்குலம் குறைத்துச் சொன்னதற்கு விளக்கம் கேட்டு மேற்பார்வையாளர் அன்றைக்கே தச்சருக்கு ஒரு தாள் கொடுத்தார். மாலை ஐந்து மணிக்குக் காலை மடக்கி உட்கார அனுமதி கிடைத்ததும் தொப்பிக்காரர் தேடிக்கொண்டு வந்தார்.

"உங்க வீட்டம்மா காலையில வந்தாங்களே. செருப்பை விட்டுட்டுப் போயிட்டாங்க. கூப்பிட்டேன், காதுல விழல. கையை இப்படியே வெச்சுக்கிட்டு போனாங்க. கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, முனை திரும்புற வரைக்கும் பாத்தேன், கையை இறக்கவே இல்ல. வண்டி வந்தப்ப நின்னு, ரெண்டு பக்கமும் பாத்து, மெதுவா கூட்டிட்டுப் போனாங்க."